எஞ்சினை எத்தனை டிகிரி சாய்ப்பது? கியர்பாக்ஸ், புரொபெல்லர் ஷாஃப்ட், பினியன் சரிவுகளைச் சேர்த்துப் பார்க்கும் முறை

நீங்கள் கேட்டிருப்பது இது: பின்சக்கர இயக்கமுள்ள பழைய கார் ஒன்றில் வேறு எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் பொருத்துகிறீர்கள். மவுண்டிங் பிராக்கெட்டுகளுக்கு இன்னும் புள்ளி வெல்டிங் மட்டுமே வைத்திருக்கிறீர்கள். எஞ்சின் பின்பக்கம் 3 டிகிரி தாழ்ந்திருந்தால் போதும் என்கிறார் ஒருவர். கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே நேர்கோட்டில் வந்தாக வேண்டும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி, ஓட்டும்போது அதிர்வு வந்தால் எதைத் திருத்துவது? கேள்வி எஞ்சின் சாய்வைப் பற்றியது போலத் தோன்றினாலும், உங்களுக்குத் தெரியவேண்டியது வேறு. கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டான புரொபெல்லர் ஷாஃப்ட்டின் முன்னாலும் பின்னாலும் இருக்கும் இரண்டு யுனிவர்சல் ஜாயின்ட்டுகளும் எந்தக் கோணத்தில் வேலை செய்யப்போகின்றன என்பதே விஷயம். அதைத் தீர்மானிப்பவை கியர்பாக்ஸ், ஷாஃப்ட், பினியன் (ஷாஃப்ட்டின் சுழற்சியை டிஃபரன்ஷியலுக்குள் வாங்கும் பல்தண்டு) ஆகிய மூன்றின் சரிவுகள். 3 டிகிரி என்பது அவற்றில் ஒன்று மட்டும்; மற்ற இரண்டும் தெரியாமல் அது சரியா தவறா என்று சொல்ல வழியில்லை. நேர்கோடு என்ற யோசனையோ தவறானது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

யுனிவர்சல் ஜாயின்ட்டின் குணம் புரிந்துவிட்டால் மீதியெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். நடுவில் ஒரு கிராஸ், அதன் நான்கு முனைகளிலும் ஊசி பேரிங்குகள், இரு பக்கமும் கிராஸைப் பிடிக்கும் கவையாக ஒவ்வொரு யோக். இரண்டு அச்சுகளும் ஒரே கோட்டில் இருக்கும்வரை ஒன்று சுற்றும் வேகத்திலேயே மற்றதும் சுற்றும். கோணம் விழுந்ததும், ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி இரண்டு முறை குறையும். இது தேய்மானத்தால் வருவதில்லை. புத்தம் புதிய ஜாயின்ட்டிலும் உண்டு. எவ்வளவு ஏறி இறங்கும் என்பதைக் கோணத்தின் கோசைன் சொல்லிவிடும். ஷாஃப்ட் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடுவதாக வைத்துக்கொண்டால், 3 டிகிரி கோணத்தில் வேகம் சுமார் 4 சுற்று மேலும் கீழும் ஆடுகிறது. 6 டிகிரியில் 16 சுற்று. 10 டிகிரியில் 46 சுற்று. கோணம் இரு மடங்கானால் ஆட்டம் நான்கு மடங்காகிறது. 4 சுற்று சொற்பம்தானே என்று தோன்றலாம். ஆனால் 3000 சுற்றில் அது நொடிக்கு 100 முறை நடக்கிறது. ஒவ்வொரு முறையும் ஷாஃப்ட்டின் எடையை முடுக்கிவிட்டு மறுகணமே இழுத்துப் பிடிக்கிறது. இந்த முடுக்கம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் தெரியாத கோளாறு 90-இல் தரையெல்லாம் அதிர வைப்பது இதனால்தான்.

பின் ஜாயின்ட்டின் பெருமை, முன் ஜாயின்ட் கெடுத்ததைத் திரும்பச் சீராக்கிக் கொடுப்பது. அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. இரண்டு ஜாயின்ட்டுகளின் கோணமும் சமமாக இருக்க வேண்டும். ஷாஃப்ட்டின் இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் அமைந்திருக்க வேண்டும். முன் கோணமும் பின் கோணமும் ஒரே தளத்தில் விழ வேண்டும். கியர்பாக்ஸின் வெளியீட்டு அச்சும் பினியனின் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் முதல் நிபந்தனையும் மூன்றாவதும் தாமாகவே நிறைவேறிவிடும். இணை என்றால் ஒரே கோடு அல்ல. கியர்பாக்ஸ் மேலே, பினியன் கீழே, இரண்டும் ஒரே சரிவில். நடுவில் ஷாஃப்ட் அவற்றைவிடச் சற்றுக் கூடுதல் சரிவோடு இறங்கும். யோக்குகளின் தளம் உங்கள் விஷயத்தில் முக்கியம், ஏனென்றால் புதிய கியர்பாக்ஸுக்காக ஷாஃப்ட்டைக் கட்டாயம் வெட்டிச் சுருக்கவோ நீட்டவோ செய்வீர்கள். வெல்டிங் முடிந்து வந்ததும் ஷாஃப்ட்டைச் சமதளத்தில் கிடத்தி, இரு முனை யோக்குகளின் துளைகளும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். பேலன்ஸ் செய்யாமல் அதை வாங்கி வராதீர்கள். நடுவில் ஸ்பிளைன் (பல்லிட்ட சறுக்கு இணைப்பு) உள்ள ஷாஃப்ட் என்றால் கழற்றும் முன் அடையாளக் கோடு போட்டுவிடுங்கள். ஒரு பல் தள்ளிச் சேர்த்தாலே தளம் கெட்டுவிடும்.

இரண்டு கோணமும் சமம் என்றால் 10 டிகிரியும் 10 டிகிரியும் வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பினியனுக்குச் சீரான சுழற்சி போய்ச் சேரும், உண்மைதான். ஆனால் நடுவில் இருக்கும் ஷாஃப்ட் அப்போதும் வேகம் கூடிக் குறைந்துதான் சுற்றுகிறது. அதன் எடை தரும் உதறல் கியர்பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் போய்க்கொண்டேதான் இருக்கும். அதோடு, கோணத்தில் இருக்கும் ஜாயின்ட் வழியாக முறுக்குவிசை போகும்போது ஒரு பக்கவாட்டு வளைவிசையும் பிறக்கிறது. அது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கியர்பாக்ஸின் வாலை அசைக்கும். முதல் கியரில் வண்டி கிளம்பும்போது வரும் நடுக்கம் பெரும்பாலும் இந்த வகை. ஆகவே கோணங்கள் சமமாக இருந்தால் மட்டும் போதாது, சிறிதாகவும் இருக்க வேண்டும். அதற்காகச் சுழியமாகவும் இருக்கக் கூடாது. கோணமே இல்லாவிட்டால் ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் நின்றபடி சுமையைத் தாங்கும். கிராஸின் முனைகளில் ஊசி ஊசியாகப் பள்ளம் விழும். நேர்கோட்டில் வைக்கச் சொன்ன நண்பரின் யோசனையை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். குறைந்தபட்சம் அரை டிகிரி, முடிந்தால் ஒரு டிகிரி வேண்டும்.

மேல்வரம்பு ஷாஃப்ட் எவ்வளவு வேகத்தில் சுற்றும் என்பதைப் பொறுத்தது. ஸ்பைசர் போன்ற ஜாயின்ட் தயாரிப்பாளர்களின் வழிகாட்டு அட்டவணைகள் 3000 சுற்றுக்கு ஏறக்குறைய 5.8 டிகிரியும், 4000-க்கு 4.2-ம், 5000-க்கு 3.2-ம் உச்சம் என்கின்றன; இரண்டு ஜாயின்ட்டுகளுக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் இருக்கவும் சொல்கின்றன. அவை தாங்கும் எல்லைகள். நாம் எட்டவேண்டிய இலக்கு அதற்கும் கீழே. காருக்கு 1 முதல் 3 டிகிரிக்குள் வைத்தால் நிம்மதியாக ஓட்டலாம் என்பது என் அனுபவம். ஐந்தாவது கியர் ஓவர்டிரைவ் என்றால் ஷாஃப்ட் எஞ்சினைவிட வேகமாகச் சுற்றும் என்பதையும் கணக்கில் எடுங்கள்: எஞ்சின் 2500, கியர் விகிதம் 0.8 என்றால் ஷாஃப்ட் 3125. பழைய நான்கு கியர் பெட்டியில் பொறுத்துப்போன கோணம் இப்போது பொறுக்காமல் போகலாம்.

எஞ்சினின் சாய்வுக்குத் தனிக் காரணங்களும் உண்டு. கார்புரேட்டர் உள்ள எஞ்சினாக இருந்தால், இன்டேக் மேனிஃபோல்டில் அது உட்காரும் முகத்தைப் பாருங்கள். எஞ்சின் எத்தனை டிகிரி தாழும் என்று வடிவமைத்தவர் நினைத்தாரோ அதற்கு ஏற்ப அந்த முகம் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் சாய்த்துக் கடையப்பட்டிருக்கும். எஞ்சின் சரியாக உட்கார்ந்ததும் அது மட்டமாகிவிடும். 3 டிகிரி என்ற எண் இத்தனை பேர் வாயில் புழங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். எஞ்சின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் எண்ணெய் உறிஞ்சும் குழாய் எங்கே நிற்கிறது, சிலிண்டர் ஹெட்டிலிருந்து எண்ணெய் எந்த வழியாக இறங்குகிறது, குளிர்நீரில் காற்று எங்கே தங்கும் என்பவையும் சாய்வோடு மாறும். எஞ்சின் முதலில் இருந்த வண்டியின் சாய்விலிருந்து ஓரிரு டிகிரி விலகுவதில் பயமில்லை. அதற்கு மேல் போனால் இவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகே முடிவெடுங்கள்.

இனி அளக்கும் முறை. பெரும்பாலான வேலைகள் கெட்டுப்போவது இங்கேதான், ஆகவே பொறுமையாகச் செய்யுங்கள். வண்டி தன் சக்கரங்களில், ஓடும்போது இருக்கும் உயரத்தில் நிற்க வேண்டும். அடியில் நுழைய இடம் வேண்டுமென்றால் நான்கு சக்கரங்களையும் சரிவுப் பலகைகளில் ஏற்றுங்கள், அல்லது ஸ்டாண்டுகளைப் பின் ஆக்ஸில் கூட்டுக்கும் முன் சஸ்பென்ஷனுக்கும் அடியில் கொடுங்கள். சேசிஸைத் தூக்கி ஆக்ஸிலைத் தொங்கவிட்டு எடுத்த அளவு எதற்கும் உதவாது. பினியன் வேறு இடத்தில், வேறு சரிவில் நிற்கும். எஞ்சின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், பேட்டரி, ஓரளவு பெட்ரோல் எல்லாம் வண்டியில் இருக்கட்டும். மவுண்டிங் ரப்பர்கள் புதியவை என்றால் எஞ்சினின் முழு எடையும் அவற்றின் மேல் இறங்கியிருக்க வேண்டும். செயின் பிளாக் பாதி எடையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அளக்காதீர்கள்.

காந்தம் உள்ள டிஜிட்டல் கோணமானி ஒன்று போதும், 0.1 டிகிரி காட்டினால் நல்லது. கடைந்தெடுத்த முகங்களில் மட்டும் வையுங்கள். வால்வு கவரும் கியர்பாக்ஸின் வெளிக்கூடும் அப்படிக் கடையப்பட்டவை அல்ல. அவற்றின் மேற்புறம் கிராங்க் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கிராங்க் புல்லியின் முன்முகம் நல்ல இடம்: அது அச்சுக்குச் செங்குத்து, ஆகவே 90 டிகிரியிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதுதான் எஞ்சின் சரிவு. பின்னால் ஃபிளாஞ்ச் இருந்தால் அதன் முகத்திலும் அப்படியே. ஷாஃப்ட்டின் சரிவை அதன் குழாயின் அடியில், வெல்டிங் தடிப்பும் பேலன்ஸ் தகடும் இல்லாத இடத்தில் எடுங்கள். பினியனுக்கு ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு யோக்கின் முகத்தில் வைப்பதே நிச்சயமானது. ஒவ்வோர் இடத்திலும் அளந்த பிறகு ஷாஃப்ட்டை அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி அளந்து சராசரி எடுத்தால் முகத்தில் இருக்கும் சிறு கோணல் கழிந்துவிடும். ஆரம்பம் முதல் கடைசி வரை கோணமானியை ஒரே திசை பார்க்க வையுங்கள். நமக்கு வேண்டியது வித்தியாசங்கள் மட்டுமே என்பதால் தரை சற்றுச் சரிந்திருந்தாலும் குற்றமில்லை, நடுவில் வண்டியை நகர்த்தாதவரை. கார்புரேட்டர் முகத்தை மட்டத்துக்குக் கொண்டுவரும்போது மட்டும் தரையும் மட்டமாக இருந்தாக வேண்டும்.

எண்களோடு ஒன்றைப் பார்ப்போம். கியர்பாக்ஸ் பின்பக்கம் 3.0 டிகிரி தாழ்ந்திருக்கிறது. ஷாஃப்ட் பின்பக்கம் 4.6 தாழ்ந்திருக்கிறது. பினியனின் மூக்கு, அதாவது முன்முனை, 1.0 டிகிரி மேல்நோக்கி இருக்கிறது. பினியன் மூக்கு மேலே என்றால் அதன் அச்சும் பின்பக்கம் தாழ்கிறது என்று அர்த்தம்; ஆகவே மூன்றும் ஒரே திசையில் சரிகின்றன, கழித்தால் போதும். முன் ஜாயின்ட் 1.6 டிகிரி, பின் ஜாயின்ட் 3.6. வித்தியாசம் 2 டிகிரி, சமமில்லை. இந்த நிலையில் பலர் கியர்பாக்ஸ் மவுண்டிங்கின் அடியில் தகடு வைத்துத் தூக்கி, அதன் சரிவை 2.0 ஆக்கப் பார்ப்பார்கள். பினியனின் சரிவுக்கு நெருங்கி வருகிறதே என்ற கணக்கு. ஆனால் கியர்பாக்ஸின் வால் சுமார் 17 மில்லிமீட்டர் மேலே போகும்போது ஷாஃப்ட்டின் முன்முனையும் கூடவே போகிறது. ஷாஃப்ட் 1200 மில்லிமீட்டர் நீளம் என்றால் அதன் சரிவு 0.8 கூடி 5.4 ஆகிவிடும். முன் ஜாயின்ட் 3.4, பின் ஜாயின்ட் 4.4, வித்தியாசம் குறைந்தது, ஆனால் இரண்டு கோணங்களுமே பெருத்துவிட்டன. அதற்குப் பதில் பினியன் மூக்கை 2 டிகிரி உயர்த்திப் பாருங்கள். யோக் ஆக்ஸில் மையத்திலிருந்து 250 மில்லிமீட்டர் முன்னால் இருந்தால் அது 9 மில்லிமீட்டர் எழும், ஷாஃப்ட்டின் சரிவு 4.2-க்கு இறங்கும், இரண்டு ஜாயின்ட்டுகளும் 1.2 டிகிரியில் வந்து நிற்கும். ஒன்றைத் தொட்டால் மற்றதும் நகரும் என்பதால், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மூன்று சரிவுகளையும் புதிதாக அளக்க வேண்டும்.

இதுவரை சொன்னது வடிவியல். அதில் ஐயத்துக்கு இடமில்லை. அடுத்தது அப்படியல்ல. வண்டி நிற்கும்போது இணையாக இருக்கும் பினியன், இழுக்கும்போது இணையாக இருப்பதில்லை. சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும் விசைக்கு எதிர்விசையாக ஆக்ஸில் கூடு பின்னோக்கி முறுக்கப்பட்டு, பினியன் மூக்கு மேலே எழும். லீஃப் ஸ்பிரிங் வண்டிகளில் இந்த எழுச்சி அதிகம், ஏனென்றால் பட்டைகளே எஸ் வடிவில் வளைந்துகொடுக்கின்றன. ஆகவே நிற்கும் நிலையில் மூக்கை இணை நிலையைவிடச் சற்றுத் தாழ்த்தி வைக்கிறோம். லீஃப் ஸ்பிரிங்குக்கு 1 முதல் 2 டிகிரி, ரப்பர் புஷ் உள்ள லிங்க் அமைப்புக்கு ஒரு டிகிரி அல்லது அதற்கும் குறைவு என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. ஸ்பிரிங்கின் வயது, எஞ்சினின் முறுக்குவிசை, ஓட்டும் விதம் எல்லாம் இதை மாற்றும். உங்கள் வண்டியைப் பார்க்காமல் இன்ன எண் என்று என்னால் உறுதி கொடுக்க முடியாது. மேலே சொன்ன உதாரணம் லீஃப் ஸ்பிரிங் வண்டி என்றால், நான் மூக்கை 2 டிகிரி உயர்த்தாமல் 1 டிகிரி உயர்த்தி நிறுத்திக்கொண்டு ஓட்டிப் பார்ப்பேன். சீரான வேகத்தில் பயணம் செய்யும் வண்டிக்கு, முழு அழுத்தத்தில் கிளம்பும் பந்தய வண்டியின் கணக்கைக் கடன் வாங்க வேண்டாம்.

பக்கவாட்டில் பார்த்து அளப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். மேலிருந்து பார்க்கும் கோணமும் உண்டு. ஸ்டீயரிங் தண்டுக்கோ எக்ஸாஸ்டுக்கோ இடம் விட எஞ்சினை 50 மில்லிமீட்டர் ஒரு பக்கம் தள்ளினால், 1200 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டில் அது 2.4 டிகிரி. செங்குத்தில் 2 டிகிரி இருந்தால் உண்மையான கோணம் இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தது: சுமார் 3.1. தள்ளுவதில் தவறில்லை. ஆனால் எஞ்சினைத் திருப்பிவிடக் கூடாது. கிராங்க் அச்சு மேலிருந்து பார்க்கும்போதும் பினியன் அச்சுக்கு இணையாகவே ஓட வேண்டும். தூக்குக்குண்டு கட்டி கிராங்க் புல்லியின் மையம், கியர்பாக்ஸ் வெளியீடு, பினியன் மூன்றையும் தரையில் குறித்து, பின் ஆக்ஸில் கோட்டுக்குச் செங்குத்தாக நூல் பிடித்துப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான்.

நடுவில் பேரிங் வைத்த இரட்டை ஷாஃப்ட் என்றால் முன்துண்டைக் கியர்பாக்ஸோடு ஏறக்குறைய ஒரே கோட்டில், அரை முதல் ஒரு டிகிரிக்குள் வைத்து, பின்துண்டின் இரண்டு ஜாயின்ட்டுகளை மேலே சொன்னபடி சமன் செய்வது வழக்கம். டிஃபரன்ஷியல் சேசிஸிலேயே பொருத்தப்பட்டு சக்கரங்கள் தனித்தனியாக அசையும் வண்டியில் பினியன் மூக்கு எழுவது மிகக் குறைவு. இணையாக வைத்தால் போதும். ஒரு முனையில் இரட்டைக் கிராஸ் ஜாயின்ட் உள்ள ஷாஃப்ட்டுக்கு இந்த இணை விதி பொருந்தாது. அந்த ஜாயின்ட் தன் கோணத்தைத் தானே சமன் செய்துகொள்வதால், மறுமுனையிலுள்ள ஒற்றை ஜாயின்ட்டின் கோணம் சுழியத்துக்கு அருகில் இருக்க வேண்டும்.

அதிர்வு வந்தால் எதைத் தொடுவது என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். முதலில் எது அதிர்கிறது என்று கணக்குப் போடுங்கள். டயரின் சுற்றளவு 1.9 மீட்டர், டிஃபரன்ஷியல் விகிதம் 4.1 என்றால், 90 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு 13 முறை சுற்றும், ஷாஃப்ட் 54 முறை. சக்கர பேலன்ஸ் கோளாறு நொடிக்கு 13 என்ற கணக்கில் உலுக்கும்; கையில் எண்ணிவிடலாம் போன்ற நிதானமான உலுக்கல், ஸ்டீயரிங்கிலும் சீட்டிலும் தெரியும். ஷாஃப்ட்டின் பேலன்ஸ் கெட்டிருந்தால் 54. ஜாயின்ட் கோணம் என்றால் அதற்கு இரட்டிப்பு, 108. அதை உடம்பு உணர்வதைவிட, தரையிலிருந்து எழும் ரீங்காரமாகக் காது கேட்கும். அடுத்து, அதே வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி வண்டியைத் தானாக ஓடவிடுங்கள். எஞ்சின் சத்தம் அடங்கியும் அதிர்வு மாறாமல் இருந்தால் ஷாஃப்ட்டின் பேலன்ஸ், வளைவு அல்லது யோக்குகளின் தளம் மீது சந்தேகப்படலாம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கூடி, விடும்போது குறைந்தால், அல்லது இதற்கு நேர்மாறாக நடந்தால், பினியன் கோணமே முதல் சந்தேகம். மிதிக்கும்போது கூடினால் மூக்கு மிக மேலே இருக்கிறது என்று வைத்து அரை டிகிரி தாழ்த்திப் பாருங்கள். சக்கரங்களைத் தூக்கி வைத்து அந்தரத்தில் வேகமாக ஓட்டிச் சோதிக்காதீர்கள். ஆபத்து ஒருபுறம், கோணங்களும் மாறிவிடும்.

திருத்துவதற்கு லீஃப் ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸில் இருக்கைக்கும் நடுவில் வைக்கும் ஆப்பு வடிவ ஷிம்கள் கிடைக்கின்றன. இரும்பில் செய்தவற்றையே வாங்குங்கள், அலுமினியம் நாளடைவில் நொறுங்கும். யூ போல்ட்டுகளை முழு இறுக்கம் கொடுத்து, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள். புதிய மவுண்டிங் ரப்பர்களும் அதற்குள் சற்று அமுங்கியிருக்கும், ஆகவே அப்போது மூன்று சரிவுகளையும் இன்னொரு முறை எடுக்க வேண்டும். முழு வெல்டிங் வைப்பதற்கு முன், கியர்பாக்ஸுக்குள் முன்னும் பின்னும் சறுக்கும் ஸ்லிப் யோக்கையும் பார்த்துவிடுங்கள்: வண்டி ஓடும் உயரத்தில் நிற்கும்போது அது கியர்பாக்ஸுக்குள் இன்னும் 20 முதல் 25 மில்லிமீட்டர் போக இடம் இருக்க வேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால் பெரிய பள்ளத்தில் ஷாஃப்ட் கியர்பாக்ஸின் உட்புறத்தை இடிக்கும். உங்கள் மூன்று சரிவுகளையும், ஷாஃப்ட்டின் நீளத்தையும், பின் சஸ்பென்ஷன் எந்த வகை என்பதையும் எழுதினால் எதை எவ்வளவு நகர்த்தலாம் என்று சேர்ந்து கணக்கிடுவோம். அதுவரை பிராக்கெட்டுகளில் புள்ளி வெல்டிங்கே இருக்கட்டும்.